டீசலா, ஹைபிரிட்டா? சின்னக் கார் வாங்குமுன் உங்கள் பயணத்தைப் பாருங்கள்

2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களைப் பதிவு செய்ய முடியாது. அதோடு டீசல் பேச்சு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே பதிவான டீசல் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், இன்னும் சில வருடம் மிச்சமிருக்கும் சின்ன டீசல் கார்கள் பழைய கார் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. காக்கி புக்கிட்டில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் அந்த விளம்பரங்களைக் கைபேசியில் காட்டி, "அண்ணே, டீசல் லிட்டருக்கு நிறைய ஓடுமாமே, எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டியை ஸ்டார்ட் செய்தால் எத்தனை நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுவீர்கள்? வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுகூட இதற்கு அடுத்த கேள்விதான்.

முதலில் எரிபொருள் கணக்கைப் பார்த்துவிடலாம். வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 95 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 2.80 வெள்ளி, டீசல் 2.50 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். பம்ப் விலை மாறும், கார்டு தள்ளுபடியும் ஆளுக்கு ஆள் வேறுபடும், அதனால் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் நெரிசலில் சாதாரணச் சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கிலோமீட்டரும், டீசல் 18-ம், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் 21-ம் கொடுத்தால், வருடச் செலவு பெட்ரோல் காருக்கு ஏறக்குறைய 3,230 வெள்ளி, டீசலுக்கு 2,080, ஹைபிரிட்டுக்கு 2,000. பெட்ரோலோடு ஒப்பிட்டால் டீசல் நன்றாகவே மிச்சப்படுத்துகிறது. ஹைபிரிட்டோடு ஒப்பிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

அதற்கு மேல் சாலை வரியோடு டீசல் கார்களுக்குச் சிறப்பு வரியும் கட்ட வேண்டும். டீசல்மீதான தீர்வை லிட்டருக்கு 20 காசு, 95 பெட்ரோலுக்கு 66 காசு. பம்ப்பில் கிடைக்கும் அந்தச் சலுகையைச் சிறப்பு வரி வேறு வழியில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வாங்க நினைக்கும் வண்டியின் சாலை வரியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பத்து வயது தாண்டி சிஓஇ புதுப்பித்த வண்டி என்றால் சாலை வரியில் வருடத்துக்கு 10 விழுக்காடு கூடிக்கொண்டே போய் 50 விழுக்காட்டில் நிற்கும். வாகனப் பரிசோதனையும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பது போய் ஆண்டுதோறும் வரும்.

இவ்வளவு சின்ன டீசல் கார்கள் இங்கே எப்படி வந்தன? புதிய கார்களுக்கு மாசைப் பொறுத்துத் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ தரும் திட்டம் 2013-ல் தொடங்கியது. அது கரியமில வாயுவை மட்டும்தான் அளந்தது. அந்த அளவுகோலில் டீசல் நல்ல மதிப்பெண் வாங்கியது, ஐரோப்பியச் சின்னக் கார்கள் டீசலில் வரத் தொடங்கின. 2018-ல் வந்த புதிய திட்டம் நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் உட்பட ஐந்து மாசுகளைப் பார்த்து, அவற்றில் எது மோசமோ அதை வைத்தே வண்டிக்குத் தள்ளுபடியா கூடுதல் கட்டணமா என்று முடிவு செய்தது. டீசலின் சலுகைக் காலம் அங்கே முடிந்தது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டே இன்ஜினை ஓடவிடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். டீசல் காரின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரித்துகள் வெளியே போகாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை அது தன்னைத்தானே சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்து, புகையின் வெப்பத்தை ஏறக்குறைய 600 டிகிரிக்கு ஏற்றி, சேர்ந்த கரியை எரிக்கும். இதற்கு நல்ல சூடான இன்ஜினும், பத்து இருபது நிமிடம் சீரான ஓட்டமும் வேண்டும்.

ஈசூனிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஈரச்சந்தைக்குப் போய், வீட்டுக்குத் திரும்புகிற வண்டிக்கு அந்த ஓட்டம் எங்கே கிடைக்கும்? எரிப்பு தொடங்கும்போதே கார் நிறுத்துமிடம் வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவோம். அடுத்த நாளும் இதே கதை. கரி ஏறிக்கொண்டே போகும். இன்னொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும், மோந்தால் டீசல் வாடை அடிக்கும். "ஆயில் குறையவே இல்லை, நல்ல இன்ஜின்" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தின்றுவிடும்.

எரிப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. நின்றிருக்கும்போது இன்ஜின் வேகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும், சிக்னலில் தானாக நிற்க வேண்டிய இன்ஜின் நிற்காது, வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி சத்தமாகச் சுற்றும். இவற்றைக் கண்டால் உடனே அணைக்காதீர்கள், அணைத்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மத்திய விரைவுச்சாலையிலோ சிலேத்தார் விரைவுச்சாலையிலோ ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்த பிறகும் பல நேரம் இதே வைத்தியம் போதும். அதையும் தாண்டி விட்டுவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் கணினி மூலம் கட்டாயமாக எரிக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மாற்றுவது என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. எரிபொருளில் சில வருடம் சேமித்தது ஒரே பில்லில் போய்விடும். வடிகட்டியின் உள்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். அது சட்டவிரோதம், அதோடு அந்தப் புகை நம் தெருவில்தான் போகும்.

அப்படியானால் டீசல் யாருக்கும் ஆகாதா? ஆகும். பாசிர் ரிஸ்ஸிலிருந்து துவாஸுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவருக்கும், அடிக்கடி கோலாலம்பூர் போய் வருகிறவருக்கும் நல்ல டீசல் கார் சுகமான வண்டி. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதல் சக்தி இருக்கிறது. சீரான வேகத்தில் அந்த இன்ஜினின் சிக்கனத்தை ஹைபிரிட் எளிதில் மிஞ்சாது. பிரேக் பிடிக்காமல் ஓடும் நெடுஞ்சாலையில் ஹைபிரிட்டுக்குத் திரும்பச் சேமிக்க அதிகமாக ஒன்றும் கிடைக்காது.

அதே ஹைபிரிட்டை பூன் லே, தேக்கா, தோ பாயோ என்று சிக்னல் சிக்னலாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பிரேக்கிலும் வீணாகும் வேகம் மின்சாரமாகி பேட்டரிக்குப் போகிறது, மெதுவாக நகரும்போது இன்ஜின் அணைந்தே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோரின் ஓட்டம் இதுதான், அதனால்தான் இங்கே பெரும்பாலான சின்னக் குடும்பங்களுக்கு நான் ஹைபிரிட்டைத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஹைபிரிட்டைக் கவனிக்காமல் விடலாம் என்று அர்த்தமில்லை. பல டொயோட்டா ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கையின் ஓரத்தில் உள்ள துவாரம் வழியாகப் போகிறது. அங்கே பள்ளிப் பையையும் குடையையும் அடைத்து வைக்கிறோம். உள்ளே இருக்கும் சின்ன வடிகட்டியில் தூசியும் பூனை முடியும் பஞ்சுபோல் படிந்திருக்கும். நம் வெயிலில் சூடேறிய பேட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும். அதைச் சுத்தம் செய்வது சின்ன வேலைதான், ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பேட்டரி பழுதானால் அதற்குள் கெட்டுப்போன மாட்யூலை, அதாவது பேட்டரியின் ஒரு சின்னப் பகுதியை, மட்டும் மாற்றித் தருகிறோம் என்று மலிவாகச் சொல்வார்கள். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட்டில் 28 மாட்யூல்கள் இருக்கின்றன. ஒன்று செத்திருந்தால் மற்ற 27-ம் அதே வயதுதான். அடுத்தது கொஞ்ச நாளில் விழும், மறுபடியும் கூலி கொடுப்பீர்கள். வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் உத்தரவாதத்தோடு முழு பேட்டரியாக மாற்றுவதுதான் லாபம். அப்புறம், ஆரஞ்சு நிற கேபிள்களை வீட்டில் யாரும் தொட வேண்டாம், அவற்றில் பாய்வது உயிரைப் பறிக்கும் மின்சாரம்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது முன்பணம் கொடுக்குமுன், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போக அனுமதி கேளுங்கள். டீசல் என்றால் ஸ்கேனர் போட்டு, வடிகட்டியில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கடைசியாக முழு எரிப்பு நடந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டியைச் சீக்கிரம் அடைக்காத, சாம்பல் குறைந்த வகை ஆயில் ஊற்றியிருக்கிறார்களா என்பது சர்வீஸ் ரசீதில் தெரியும். ஹைபிரிட் என்றால் மாட்யூல்களின் வோல்டேஜை வண்டி ஓடும்போது பார்க்க வேண்டும், நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.