இங்கிலாந்தில் பேறுகாலம்: பில் வரும் என்று பயந்து சிகிச்சையை விடாதீர்கள்

இங்கிலாந்தில் கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், அதற்குப் பிந்திய கவனிப்பு மூன்றையும் என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவை உடனடித் தேவையாகவே கருத வேண்டும் என்பது விதி. விசா இல்லை, கையில் காசு இல்லை என்று காரணம் காட்டி மருத்துவமனை இவற்றை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஆனால் மறுக்கக் கூடாது என்பதற்கு இலவசம் என்று பொருளல்ல. பலரும் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான்.

விசாவுடன் சுகாதாரக் கட்டணம் செலுத்தி வந்தவர்களுக்கும், தஞ்சக் கோரிக்கையோ மேல்முறையீடோ முடிவாகாமல் இருப்பவர்களுக்கும் பில் வராது. விசிட் விசாவில் வந்தவர், விசா காலாவதியானவர், கோரிக்கை நிராகரிக்கப்பட்டு அரசு ஆதரவும் பெறாதவர் ஆகியோரிடம் பொதுவாகச் செலவில் ஒன்றரை மடங்கு கேட்பார்கள். நிராகரிப்புக்கு முன்பே தொடங்கிய சிகிச்சை அது முடியும்வரை இலவசமாகத் தொடர வேண்டும். நீங்கள் கேட்காதவரை இதை யாரும் சொல்லப்போவதில்லை.

ஸ்கேன் தேதியை எதிர்பார்த்திருக்கும் பெண்ணுக்கு, ‘நீங்கள் கட்டணம் செலுத்த நேரிடலாம், ஆவணங்களுடன் வரவும்’ என்று கட்டணப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வரும். அதை ‘வராதே’ என்று புரிந்துகொண்டு, வலி எடுக்கும்வரை வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களை நான் அறிவேன். கறுப்பின, ஆசியப் பெண்கள் பேறுகாலத்தில் இறக்கும் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிட அதிகம் என்று தெரிந்த ஒரு நாட்டில்தான் இந்தக் கடிதமும் போகிறது.

பில் வந்தால் ஒளித்துவைக்காதீர்கள். 500 பவுண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட கடன் இரண்டு மாதம் கட்டப்படாமல் கிடந்தால் தகவல் விசா விவகாரங்களைக் கவனிக்கும் உள்துறையான ஹோம் ஆபிஸுக்குப் போகும். அடுத்த விசா விண்ணப்பம் அதனாலேயே நிராகரிக்கப்படலாம். எந்த அடிப்படையில் கட்டணம் போட்டார்கள் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். பில் சரிதான் என்றால், உங்களால் கட்டக்கூடிய சிறு தவணைக்கு ஒப்புதல் வாங்கித் தவறாமல் கட்டுங்கள். தொலைபேசியில் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்றும் விசாவும் கட்டாயம் என்று வரவேற்பு மேசையில் சொல்வது தவறு. ஜி.பி. இல்லாமலேயே மகப்பேறுப் பிரிவில் நேரடியாகப் பதியலாம்; பத்து வாரத்துக்குள் பதிவது நல்லது. தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேளுங்கள், கணவரோ மாமியாரோ மொழிபெயர்ப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏனென்றால், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்றும் மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) கேட்பார்.