சொல் விளக்கம்: ஜுடிசியல் ரிவ்யூ

ரஃபேல் போர் விமானக் கொள்முதல் குறித்து விசாரணை கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 14 அன்று தள்ளுபடி செய்தது. அரசின் முடிவு சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கும் தனது ‘ஜுடிசியல் ரிவ்யூ’ அதிகாரத்துக்குப் பாதுகாப்புத் துறைக் கொள்முதலில் எல்லை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. மனுதாரர்கள் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பார்க்கும்படி ‘ரிவ்யூ பெட்டிஷன்’ போட்டார்கள். 2019 நவம்பர் 14 அன்று அதுவும் தள்ளுபடி ஆனது. முதலாவதை ‘நீதித்துறை மறுஆய்வு’ என்றும் இரண்டாவதை ‘மறுஆய்வு மனு’ என்றும் எழுதினால், உச்ச நீதிமன்றம் ஒரே வேலையை இரண்டு முறை செய்தது என்றுதான் வாசகர் நினைப்பார். ‘சீராய்வு’ என்று மாற்றிப் பார்த்தாலும் சிக்கல் தீராது. கீழ் நீதிமன்ற உத்தரவை உயர் நீதிமன்றம் திருத்தும் உரிமையியல் சீராய்வு மனு (ரிவிஷன்) அந்தச் சொல்லில் ஏற்கெனவே குடியிருக்கிறது. ஆக மூன்று வேறு நடவடிக்கைகளுக்குத் தமிழில் இரண்டு சொற்கள், அவையும் நாளிதழுக்கு நாளிதழ் இடம் மாறுகின்றன.

இந்தக் குழப்பத்துக்கு வித்து ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ‘ரிவ்யூ’ பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. ‘திரும்பப் பார்த்தல்’ என்பது வேர்ப்பொருள். ‘ஜுடிசியல்’ என்பதன் மூலமான ‘யூடெக்ஸ்’ என்னும் லத்தீன் சொல் சட்டத்தைச் சொல்பவரைக் குறிக்கும். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘நீதித்துறை மறுஆய்வு’ சரிதான். அது செய்யும் வேலையைப் பார்த்தால்தான் இடறுகிறது.

ஒரு தாசில்தார் பட்டா மாறுதல் மனுவை நிராகரித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை எதிர்த்து வரும் ரிட் மனுவை விசாரிக்கும் நீதிபதி, பொதுவாக, நிலம் யாருடையது என்று தீர்மானிக்க உட்காருவதில்லை. தாசில்தாருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, மனுதாரர் தரப்பைக் கேட்டாரா, பார்க்க வேண்டிய ஆவணத்தைப் பார்த்தாரா, பார்க்கக் கூடாத எதையாவது மனத்தில் வைத்து முடிவெடுத்தாரா என்றுதான் பார்ப்பார். பழைய இங்கிலாந்தில் மன்னரின் பெயரால் நீதிமன்றம் அனுப்பிய ‘ரிட்’ என்னும் பேராணைகளின் வழிவந்த அதிகாரம் இது. ‘செர்ஷியோரரி’ (முடிவை ரத்து செய்யும் ஆணை), ‘மாண்டமஸ்’ (கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை) என்று நம் வழக்கறிஞர்கள் இன்றும் சொல்வது அவற்றைத்தான். அந்நாட்டில் இவையெல்லாம் ‘ஜுடிசியல் ரிவ்யூ’ என்ற ஒரே விண்ணப்ப முறைக்குள் வந்தது 1977-இல் செய்த விதிமாற்றத்தால். 1984-இல் டிப்லாக் பிரபு என்ற நீதிபதி அதன் அடிப்படைகளை மூன்றாகத் தொகுத்தார்: சட்டமீறல், அறிவுக்கு ஒவ்வாமை, நடைமுறைப் பிழை. முடிவு நல்லதா கெட்டதா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் கிடையாது.

இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதைக் காட்ட, சவூதி அரேபியாவுக்கு பிரிட்டன் ஆயுதம் விற்ற கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1985-இல் தொடங்கிய அந்தப் பேரத்தின் பெயர் ‘அல் யமாமா’. அரபியில் புறா என்று பொருள். டொர்னாடோ போர் விமானங்களையும் ஹாக் பயிற்சி விமானங்களையும் விற்பதற்குப் புறாவின் பெயரைத் தேர்ந்தவருக்கு நகைச்சுவை உணர்வு நிறையவே இருந்திருக்க வேண்டும். சவூதி அதற்கான விலையைக் கச்சா எண்ணெயாகக் கொடுத்தது. விற்ற நிறுவனம் பின்னாளில் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் ஆனது. பேரத்தில் லஞ்சம் கைமாறியதா என்று பிரிட்டனின் தீவிர மோசடி விசாரணை அலுவலகம் 2004-இல் விசாரிக்கத் தொடங்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்துவந்தது.

2006-இல் விசாரணை சுவிஸ் வங்கிக் கணக்குகளை நெருங்கியபோது சவூதித் தரப்பிலிருந்து மிரட்டல் வந்தது. விசாரணை தொடர்ந்தால் பயங்கரவாதத் தடுப்பில் உளவுத் தகவல் ஒத்துழைப்பு நிற்கும், புதிய டைஃபூன் விமானப் பேரமும் போய்விடும் என்பதே அதன் உள்ளடக்கம். பிரிட்டிஷ் மக்களின் உயிருக்கே ஆபத்து என்று சவூதிக்கான பிரிட்டிஷ் தூதர் விசாரணை அலுவலகத்தின் இயக்குநர் ராபர்ட் வார்டிலிடம் எடுத்துச் சொன்னார். 2006 டிசம்பர் 14 அன்று விசாரணை கைவிடப்பட்டதாக அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். (ரஃபேல் தீர்ப்பும் ஒரு டிசம்பர் 14. தற்செயல்தான்.)

கார்னர் ஹவுஸ் என்ற ஆய்வமைப்பும் ஆயுத வணிக எதிர்ப்பு இயக்கமும் நீதிமன்றத்துக்குப் போயின. அவர்கள் கையில் இருந்த முக்கிய ஆயுதம், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 1997 லஞ்ச ஒழிப்பு உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு. தேசியப் பொருளாதார நலன், வேறு நாட்டுடனான உறவு, சம்பந்தப்பட்டவர் யார் என்பது ஆகிய மூன்றும் விசாரணையை வழிநடத்தக் கூடாது என்கிறது அது. 2008 ஏப்ரல் 10 அன்று மோசஸ், சல்லிவன் ஆகிய இரு நீதிபதிகள் அரசுத் தரப்பைக் கடுமையாகச் சாடித் தீர்ப்பளித்தார்கள். நீதியின் போக்கில் தலையிட உள்நாட்டவர், வெளிநாட்டவர் யாருக்கும் உரிமை கிடையாது. மிரட்டலை எதிர்த்து நிற்க வழி உண்டா என்றுகூடப் பார்க்காமல் பணிந்தது சட்டப்படி தவறு என்றார்கள்.

அந்த வெற்றி நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. ஜூலை 30 அன்று, அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில், வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். இயக்குநரின் முடிவு சரியா தவறா என்பது தம் முன் உள்ள கேள்வி இல்லை, அப்படி முடிவெடுக்கச் சட்டம் அவருக்கு இடம் கொடுத்ததா என்பதே கேள்வி என்றார் அவர்களில் ஒருவரான பிங்ஹாம் பிரபு. உடன்படிக்கைக்கு முரண் என்று தெரிந்திருந்தாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்பேன் என்று வார்டில் சொன்னதால், 5-ஆம் பிரிவுக்குப் பொருள் சொல்லும் வேலையைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஹேல் சீமாட்டி ஒரு படி மேலே போய்த் தம் மனத்தைத் திறந்து காட்டினார்: கீழ்த் தீர்ப்பை உறுதிசெய்ய முடிந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன், சுதந்திரமான ஓர் அதிகாரி மிரட்டலுக்கு இணங்க நேர்ந்தது மிகவும் அருவருப்பானது என்று எழுதிவிட்டு, மற்ற நால்வருடன் சேர்ந்துகொண்டார். இதற்கு எந்தக் கணக்கில் ‘மறுஆய்வு’ என்று பெயர் வைப்பது? மறுபடி ஆய்ந்து முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருந்திருந்தால் அவருடைய தீர்ப்பு வேறு பக்கம் சாய்ந்திருக்கக்கூடும்.

இதே கருவி எதிர்த்திசையிலும் வெட்டும். தென்னாப்பிரிக்காவின் 1999 ஆயுதப் பேரம் தொடர்பாக, பின்னர் அந்நாட்டின் அதிபரான ஜேக்கப் ஜூமா மீது இருந்த ஊழல் குற்றச்சாட்டுகளை அரசு வழக்குத் தொடுப்புத் துறை 2009 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. எதிர்க்கட்சி வழக்குத் தொடுத்தது. அந்த முடிவு அறிவுக்கு ஒவ்வாதது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, 2018-இல் குற்றச்சாட்டுகள் மீண்டும் உயிர்பெற்றன. ஜூமா குற்றவாளி என்று அந்த இரு நீதிமன்றங்களும் சொல்லவில்லை. அது அவற்றின் வேலையும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழகப் பாடநூல்களில் ‘நீதிப்புனராய்வு’ இருக்கிறது. ‘புனர்’ என்றாலும் ‘மறு’தான், வடமொழி உடை மட்டும் வேறு. இலங்கை வழக்கான ‘நீதிமுறை மீளாய்வு’ அதைவிடக் காதுக்கு இனியது, ஆனால் ‘மீள்’ அங்கும் விடவில்லை. ‘மேலாய்வு’ என்றால் மேல்முறையீட்டின் வாடை அடிக்கிறது.

என் தேர்வு ‘முறையாய்வு’. முறை என்பது ஒழுங்கு. பழந்தமிழில் அதுவே நீதியும்கூட. மன்னன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்று பொருள். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் முதல் குறள் முடிவதும் அந்தச் சொல்லில்தான். முறையீடு, முறைகேடு என்ற உறவினர்கள் நாளிதழில் தினமும் புழங்குகிறார்கள், எனவே புதிய சொல் அந்நியமாகத் தோன்றாது. ‘முறையான ஆய்வு’ என்று யாரேனும் தவறாகப் படிக்க வாய்ப்பு உண்டுதான். அந்த ஐயம் எழும் இடங்களில் ‘நீதிமன்ற முறையாய்வு’ என்று முழுதாக எழுதிவிடலாம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதா என்று பார்ப்பதற்கும் இது பொருந்துகிறது. ‘மறுஆய்வு’ ரிவ்யூ பெட்டிஷனுக்கும் ‘சீராய்வு’ ரிவிஷனுக்கும் இருக்கட்டும்.

2008 ஜூலைச் செய்திக்கு ‘விசாரணையைக் கைவிட்டது சரியே: மறுஆய்வில் தீர்ப்பு’ என்று தலைப்பிட்டிருந்தால் அது பிழை. ‘கைவிட்ட விசாரணை: முறையாய்வில் தலையிட பிரபுக்கள் சபை மறுப்பு’ என்று போட்டிருந்தால் ஹேல் சீமாட்டிக்கும் மறுப்பு இருந்திருக்காது.