முள் திருக்கை வலையில் ஏறினால் சட்டம் என்ன சொல்கிறது?

பெரும்பாலான திருக்கைகளைப் பிடிப்பது குற்றமில்லை. உடம்பெல்லாம் முள் படர்ந்த முள் திருக்கையைக் கரைக்குக் கொண்டுவந்தால் அது குற்றம். ஏலக்கூடத்தில் கூடை இறக்கிய ஆள் கையில் மீனோடு பிடிபட, படகுக்காரர் கூட்டத்தில் நழுவிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். கூலிக்கு வந்தவர்தான் மாதக்கணக்கில் அலைந்தார்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-இல் இதைச் சேர்த்தார்கள். வேளா (வாள் போல் நீண்ட மூக்குள்ள மீன்), உழுவை (சுறா போல வால் உள்ள தட்டை மீன்) இனங்கள் சிலவும் அப்போதே சேர்ந்தன. அட்டவணையில் இருப்பது யூரோஜிம்னஸ் ஆஸ்பெரிமஸ் என்ற லத்தீன் பெயர். உங்கள் ஊரில் அதை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று எழுதியவர்கள் யாரும் கேட்கவில்லை. "எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு சார்" என்றால் விட மாட்டார்கள்.

அதனால் மீனைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். தட்டு போன்ற உடம்பு முட்டை வடிவில் தடிமனாக இருக்கும். முதுகிலும் வாலிலும் கூர்மையான முட்கள். மற்ற திருக்கைகளின் வாலில் இருக்கும் விஷ முள் இதற்குக் கிடையாது. நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். திருக்கை ஏறியதும் கை முதலில் போவது வாலில் உள்ள விஷ முள்ளை ஒடிக்க. அது இல்லையென்றால் "சாது மீன்" என்று கூடையில் போட்டுவிடுகிறார்கள். வாலில் விஷ முள் இல்லாமல் முதுகு சொரசொரவென்று குத்தினால் சந்தேகப்படுங்கள். குட்டிக்கு முதுகு முள் அவ்வளவாகத் தெரியாது, அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

பவளப்பாறையை ஒட்டிய மணல், கடல்புல் படுகை, ஆழம் குறைந்த இடம்: இதன் வாழ்விடம் இதுதான். புழு, நண்டு, இறால் வகைகளைத் தரையில் தோண்டித் தின்னும். முட்டையிடாமல் குட்டி போடும். அந்த மாதிரித் தரையில் வலை போட்டால் இது ஏற வாய்ப்பு அதிகம்.

சரி, ஏறிவிட்டது. உயிரோடு இருந்தால் வலையை அறுத்தாவது கடலிலேயே விடுங்கள். விடும்போது செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்கும், மகாராஷ்டிராவில் பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினங்களுக்கும் அறுத்த வலைக்கு இழப்பீடு தரும் திட்டம் இருக்கிறது. அங்கேயும் படம் இல்லாமல் பணம் வராது.

தெரியாமல் கரைக்கு வந்துவிட்டால், அதே சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ சொல்ல வேண்டும். அலைச்சல் இங்கேதான் தொடங்கும். மீன்வளத் துறைக்குப் போனால் "வனத்துறையில கேளுங்க" என்பார்கள். வனச்சரகர் அலுவலகத்தில் "ஐயா ஃபீல்டுல இருக்கார், நாளைக்கு வாங்க" என்பார்கள். உங்கள் 48 மணி நேரம் யாருக்காகவும் நிற்காது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு தாளில் எழுதி, தேதி, நேரம் போட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள், சட்டம் அதற்கு இடம் தருகிறது.

"அபராதம் கட்டிட்டு வந்துடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். பணம் கட்டிச் சமாதானமாக முடிக்கச் சட்டத்தில் வழியில்லை, ஜாமீனும் லேசில் வராது. மீனவர் அட்டை, படகுப் பதிவு எதுவும் இதற்குக் கேடயம் ஆகாது.

இன்னொன்று. கையில் மீன் இருப்பது உறுதியானால், அது சட்டவிரோதமாக வந்தது இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. கருவாடு, தோல் வாங்கும் வியாபாரிக்கும் இதே கதிதான். மகஜரில் (பறிமுதல் செய்ததை எழுதும் தாளில்) கையெழுத்துக் கேட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.