கோழித்தீனில் மூலிகை, புரோபயோட்டிக்: சட்டம் என்ன கேட்கிறது?

"இது மூலிகைதானே, இதுக்கெல்லாம் என்ன பதிவு?" என்று தீன் கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பாதுக்க, ஹன்வெல்ல, அவிசாவளைப் பக்கம் சில நூறு பிராய்லர் குஞ்சு விட்டு வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இலங்கையில் கோழித்தீன் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டத்துக்குக் கீழ் வருகிறது. 2016இல் அது திருத்தப்பட்டது. மூலிகை, புரோபயோட்டிக் (கோழிக்கு நன்மை செய்யும் பக்டீரியா) என்று தீனில் கலக்கும் சேர்க்கைப் பொருள்களும் இந்தக் கணக்கில்தான்; பேராதனையில் உள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம்தான் அவற்றைப் பதிவு செய்கிறது. அன்டிபயோட்டிக் அப்படியில்லை. அது மிருக மருந்து. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அதைப் பார்க்கிறது. ஆகவே பக்கெட் வாங்கும்போது பதிவு இலக்கம், காலாவதித் திகதி, உள்ளே என்ன இருக்கிறது என்ற மூன்றையும் பாருங்கள். "இயற்கையானது" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

சரி, இந்த மூலிகையும் புரோபயோட்டிக்கும் என்னதான் செய்கின்றன? கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீனில் கொஞ்சம் கொஞ்சமாக அன்டிபயோட்டிக் கலப்பது பழைய வழக்கம். அந்தச் சிறு அளவுக்குச் சாகாமல் தப்பும் கிருமிகள், பிறகு மனிதருக்குக் கொடுக்கும் மருந்துக்கும் அடங்காமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே இந்த வழக்கத்தைத் தடை செய்துவிட்டது. அதற்கு மாற்றாகத்தான் இவற்றைக் கலக்கிறார்கள். புரோபயோட்டிக்கில் இருக்கும் பசிலஸ், லக்டோபசிலஸ் போன்ற நல்ல பக்டீரியா கோழியின் குடலில் இடம்பிடித்து, கெட்ட கிருமிக்கு இடம் விடாமல் பார்க்கும். மூலிகைப் பக்கெட்டுகளில் ஒரிகானோ, தைம், கறுவா, பூண்டு, மஞ்சள் சாறுகள் வரும். புறக்கோட்டை காபோஸ் லேனில் மஞ்சளும் பூண்டும் வாங்கி நாமே அரைத்துக் கலந்தால் என்ன? கலக்கலாம், ஆனால் வேலை செய்யும் சத்து ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் இருக்காது.

பலரும் கோட்டை விடும் இடம் தண்ணீர். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அதில் புரோபயோட்டிக்கைக் கரைத்தால் காசு கொடுத்து வாங்கிய பக்டீரியாவைக் குளோரினே கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் நல்லது. கூடவே அன்டிபயோட்டிக் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். பெலட் தீனை (சிறு குச்சி போல அழுத்திய தீன்) ஆலையில் சூடேற்றித் தயாரிப்பதால், அதில் கலக்க வித்து (தடித்த உறைக்குள் உறங்கும் நிலை) வடிவில் சூட்டைத் தாங்கும் பசிலஸ்தான் தோது.

இன்னொன்று, இவை மருந்தல்ல. கோழி தூங்கி விழுந்து, இரத்தக் கழிச்சல் போனால் பக்கெட்டை மாற்றி மாற்றிப் பார்க்காமல், செத்த கோழியைச் சூடு ஆறுவதற்குள் பக்கத்து அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். வைத்தியர் அன்டிபயோட்டிக் எழுதினால், நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிராய்லர் ஐந்து, ஆறு வாரத்தில் இறைச்சிக்குப் போய்விடும். கடைசி வாரத்தில் மருந்து கொடுத்தால் விற்பனையைத் தள்ளிப்போடத்தான் வேண்டும்.