மேடையில் அந்தப் பிள்ளை எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் இந்திய வம்சாவளிச் சனம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கம் கைகட்டி நிற்பதில்லை. கருமாதி முடிவதற்குள், அந்தக் குடும்பத்துக்குப் பணம் திரட்ட கோயில் மண்டபத்தில் பிரியாணி விற்க ஏற்பாடாகிவிடும். சமோசா பொரிக்க ஒரு கூட்டம், வாட்ஸ்அப்பில் டிக்கெட் விற்க ஒரு கூட்டம். கோவிட் சாவுகளின்போதும், 2022 ஏப்ரல் வெள்ளம் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனபோதும் இந்தக் கைகள்தான் முதலில் நீண்டன. அதில் எனக்குப் பெருமை உண்டு.

பிள்ளைகளின் மனநல ஆலோசகர் என்பதால், இப்படி நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் என்னிடமும் யோசனை கேட்கிறார்கள். "அக்கா, அப்பா அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை மேடையில ரெண்டு வார்த்தை பேசினா சனம் மனமிரங்கிக் கொடுக்குமே?" வேண்டாம் என்பதே என் பதில். டிக்கெட்டில் அதன் படமும் வேண்டாம்.

நாலைந்து வயதுப் பிள்ளைக்குச் சாவு என்பது முடிவல்ல. அம்மா எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்கும். ஏழெட்டு வயதில் அப்பா வரமாட்டார் என்று புரியத் தொடங்கும். ஆனால், அன்று காலையில் நான் அவரிடம் கோபித்துக்கொண்டதால்தான் செத்துப்போனார் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டிருக்கும், வாய்திறந்து சொல்லாது. வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்பவும் வரும். பத்து வயதுக்குள் எல்லாரும் ஒருநாள் சாவார்கள் என்று தெரிந்துவிடும். உடனே அடுத்த பயம்: ஆயாவும் (பாட்டியும்) போய்விட்டால் என்னை யார் பார்ப்பார்கள்?

பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டு வரும். பத்து நிமிஷம் தேம்பி அழுத பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடும். "அதுக்கு ஒண்ணும் தெரியலை பாவம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தெரியும். அதற்குமேல் தாங்க முடியாததால்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளையை நாம் குறித்த நேரத்தில் மைக் முன்னால் நிறுத்துகிறோம். அழுதால் கைதட்டுகிறோம், அழாவிட்டால் கல்நெஞ்சு என்கிறோம். பதினாலு வயதுப் பிள்ளையாக இருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்முன் அந்த வீடியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

பிள்ளையின் சொந்த விவரங்களை வெளியிட அதற்குப் பொறுப்பானவரின் சம்மதம் வேண்டும் என்று தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் கையால் பணம் வாங்கப்போகும் ஆயா உங்களிடம் எப்படி மாட்டேன் என்பாள்? அந்தச் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணுவதில்லை.

மேடையில் பெரியவர்கள் பேசட்டும். பிள்ளை தன் கூட்டாளிகளோடு ஓடி விளையாடட்டும். மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, வெறும் செருப்புப் பெட்டிகளும் வண்ணக் காகிதமும் வைக்கலாம். அப்பாவின் கைக்கடிகாரம், அம்மா கையால் எழுதிய மீன்குழம்புக் குறிப்பு, ஒரு படம் என்று விரும்பும் பிள்ளை தன் பெட்டியில் சேர்த்துக்கொள்ளும். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக இந்த நினைவுப்பெட்டி முறையை வளர்த்ததில் நம் மாகாணத்துச் சினோம்லாண்டோ மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெட்டிக்குச் செலவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை சொல்வதைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஆளுக்குத்தான் செலவு. திரட்டிய பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போக வேண்டும்.

முழுத்தொகையையும் முதல் மாதமே கொடுத்துத் தீர்ப்பதும் சரியில்லை. வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் குறைந்த பிறகுதான் பிள்ளைக்கு உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. முதல் தீபாவளி, பெண்பிள்ளை வயதுக்கு வருவது, மெட்ரிக் பரீட்சை என்று ஒவ்வொன்றிலும் அந்த இழப்பு புதிதாய்த் திரும்பும். ஆலோசனைக்கு வந்துபோகும் டாக்சிக் காசையாவது அந்த நாட்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று. தாய் தகப்பன் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, மாதாந்தரக் குழந்தை உதவித்தொகையோடு கூடுதல் தொகை கொடுக்கும் ஏற்பாடு 2022-இல் தொடங்கியது. அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா (SASSA) அலுவலகத்தில் மனுப்போட வேண்டும். பல ஆயாக்களுக்கு இது தெரியவே தெரியாது. நிகழ்ச்சி நடக்கும் நாளில் ஒரு சமூகப்பணியாளரை உட்காரவைத்து அந்த மனுவை நிரப்பிக் கொடுத்தால், தகுதியுள்ள வீட்டுக்கு மாதாமாதம் பணம் வரும். டிக்கெட் விற்ற பணம் ஒருமுறைதான்.

டிக்கெட்டின் பின்பக்கத்தில், பிள்ளைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்ட்லைன் எண்ணை அச்சடியுங்கள்: 116. இரவு பகல் எந்நேரமும் இலவசம், பிள்ளைகளே நேரடியாகக் கூப்பிடலாம்.