ஷுல்ட்: குற்றமா, கடனா, பழியா?

ஜெர்மன் எழுத்தாளர் பெர்ன்ஹார்ட் ஷ்லிங்க் 1995இல் எழுதிய ‘டெர் ஃபோர்லேசர்’ (வாசித்துக் காட்டுபவன்) நாவலைப் படித்து முடித்து நாளாகிவிட்டது. அதில் வரும் ஒரு தேயிலை டப்பா மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதப் பெண்களைப் பூட்டிவைத்திருந்த தேவாலயம் குண்டு விழுந்து எரிகிறது. காவலுக்கு நின்ற ஹன்னா கதவைத் திறக்கவில்லை. பல வருஷம் கழித்து ஆயுள் தண்டனை கிடைக்கிறது. விடுதலையாக வேண்டிய நாளின் விடியலில் தூக்கிட்டுச் சாகிறாள். டப்பாவில் இருக்கும் பணத்தையும் வங்கியில் இருக்கும் 7,000 மார்க்கையும், அந்தத் தீயில் தாயோடு தப்பிய மகளிடம் சேர்க்கும்படி எழுதிவைத்திருக்கிறாள். அந்த மகள் நியூயார்க்கில் இருக்கிறாள். பணம் வேண்டாம் என்கிறாள். டப்பாவை மட்டும் வைத்துக்கொள்கிறாள். சிறுமியாக இருந்தபோது அவளிடமும் அப்படி ஒன்று இருந்தது, முகாமில் திருடு போய்விட்டது.

ஹன்னா ஏன் பணம் அனுப்பினாள்? ‘ஷுல்ட்’ என்ற ஜெர்மன் சொல் தெரிந்தால் இந்த இடம் இன்னும் கனக்கும். ஷுல்ட் என்றால் குற்றம். அதையே பன்மையில் ‘ஷுல்டன்’ என்றால் வாங்கிய கடன். ‘ஷுல்டிக்’ என்பவன் குற்றவாளியாகவும் இருக்கலாம், கொடுக்க வேண்டியது பாக்கி வைத்தவனாகவும் இருக்கலாம். தெருவில் ஒருவரை இடித்துவிட்டால் சொல்லும் ‘என்ட்ஷுல்டிகுங்’ என்ற சொல்லுக்குள்ளும் இதுதான் இருக்கிறது: ஷுல்டை என்மேலிருந்து இறக்கிவிடுங்கள்.

வேர் பழையது. ‘செய்ய வேண்டும்’ என்ற கட்டாயத்தைக் குறிக்கும் ‘ஸோலன்’ என்ற வினைக்கு இது உறவு. ஆதியில் கொடுக்க வேண்டியது என்ற பொருள், பிறகுதான் குற்றம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் ‘குற்றவுணர்வு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அது உணர்வின் பெயர். உணராதவன் மேலும் ஷுல்ட் இருக்கும். ஹன்னாவையே பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாததை மறைப்பதற்காக, தான் எழுதாத அறிக்கையைத் தான் எழுதியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்கிறாள். அவள் நாணியது எழுத்தறியாமைக்கு. கதவு அப்போதும் பூட்டித்தான் கிடந்தது.

இயேசு கற்பித்த ஜெபத்தில் ஜெர்மானியர் ‘எங்கள் ஷுல்டை மன்னியும்’ என்கிறார்கள். தமிழின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு அங்கே ‘எங்கள் கடன்களை’ என்கிறது; கத்தோலிக்கர் சொல்லும் வடிவத்தில் ‘குற்றங்களை’. ஒரே வரி தமிழில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஆனால் போருக்குப் பின் வளர்ந்த ஜெர்மன் தலைமுறைக்கு இரண்டுமே பொருந்தவில்லை. ஃப்ராங்ஃபர்ட்டில் 1963 முதல் 1965 வரை நடந்த, ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் பணியாற்றியவர்கள் மீதான வழக்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் யாரையும் கொல்லவில்லை. தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் 1946லேயே ஷுல்டை நான்காகப் பிரித்தார்: சட்டத்தின் முன் குற்றம், குடிமகனின் அரசியல் பொறுப்பு, மனசாட்சி முன் தவறு, பிறர் சாகத் தான் உயிரோடிருப்பதில் வரும் பழி. ஒரு முழு இனத்தையே சட்டப்படி குற்றவாளியாக்க முடியாது என்றார். பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் இல்லை.

இந்த நாவலின் மிஹாயேல் பதினைந்து வயதில் ஹன்னாவைக் காதலித்தவன். அவள் யாரென்று அப்போது அவனுக்குத் தெரியாது. அவன் சுமப்பதற்கு என் தேர்வு ‘பழி’. வீண்பழி என்ற பேச்சுவழக்கால் பொய்க் குற்றச்சாட்டு என்ற வாடை அதில் ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் குறள் அதை எவ்வளவு அழுத்தமாக ஆள்கிறது: ‘பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்’ (1015). பிறர் பழிக்கும் நாணுவது! மிஹாயேலின் தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆக, நீதிமன்றத்தில் ஹன்னாவுக்குக் குற்றம், மிஹாயேலுக்குப் பழி. அப்புறம் அந்தப் பணம், அவள் பெயரிலேயே ஒரு யூத எழுத்தறிவு அமைப்புக்குப் போகிறது. வந்த நன்றிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மிஹாயேல் அவள் கல்லறைக்குப் போகிறான். அந்த இடத்தில் மட்டும் ‘கடன்’ என்றே எழுதுவேன்.