அறிக்கை எப்போது சட்டமாகிறது?

அமில மழை காடுகளையும் ஏரிகளையும் எவ்வளவு கெடுக்கிறது என்று கண்டறிய அமெரிக்கா 1980-இல் ஒரு பெரும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. பத்து ஆண்டு உழைப்பு, ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவு. நல்ல அறிவியல் நிறையவே விளைந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்த இறுதி அறிக்கை வருவதற்குள் 1990-இன் தூய காற்றுச் சட்டத் திருத்தம் உருவாகி முடிந்துவிட்டது. கந்தகப் புகையை எவ்வளவு குறைத்தால் எத்தனை ஏரிகள் பிழைக்கும், அதற்கு என்ன செலவாகும் என்பதுதான் சட்டம் இயற்றுவோரின் கேள்வி. துறைவாரியாகக் குவிந்து கிடந்த பக்கங்களிலிருந்து அதற்கு உரிய நேரத்தில் விடை கிடைக்கவில்லை. பத்தாண்டு உழைப்பு இப்படி வாசலிலேயே நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அதே அமில மழை ஐரோப்பாவில் வேறு கதையானது. ஒரு நாட்டின் ஆலைப்புகை இன்னொரு நாட்டின் ஏரியில் அமிலமாக இறங்கியது. வியன்னாவுக்கு அருகே லக்சன்பர்க்கில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் இதற்காகக் கணினி மாதிரி ஒன்றை அமைத்தது. மேற்கு நாடுகளும் சோவியத் அணி நாடுகளும் அந்த நிறுவனத்தில் சேர்ந்தே உறுப்பினர்களாக இருந்தன. எந்த நாட்டுப் புகை எங்கே விழுகிறது, அந்த மண் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும், எங்கே குறைத்தால் செலவு மிச்சம் என்பவற்றை அந்த மாதிரி காட்டியது. அதற்கான தரவுகளைச் சரிபார்ப்பதில் நாடுகளும் பங்கெடுத்தன. தானே சரிபார்த்த எண்ணைப் பின்னர் மறுப்பது எளிதல்ல. 1994-இல் ஓஸ்லோவில் கையெழுத்தான கந்தக உடன்படிக்கை நாட்டுக்கு நாடு வேறுபட்ட இலக்குகளை வைத்தது இந்தக் கணக்குகளின் துணையோடுதான்.

ஆக, அறிக்கையின் செல்வாக்கு பெரும்பாலும் அது அச்சாகும் முன்பே முடிவாகிவிடுகிறது. கேட்டவரின் கேள்விக்கு அது விடை சொல்கிறதா, அறிவியல் உறுதியானதா, பாதிக்கப்படுவோருக்கும் பொறுப்பேற்க வேண்டியவர்களுக்கும் அதை உருவாக்குவதில் இடம் இருந்ததா? இவற்றில் மூன்றாவதைத்தான் பலர் வீண் தாமதம் என்று ஒதுக்குகிறார்கள். ஐநாவின் காலநிலை மாற்றக் குழு, கொள்கை வகுப்போருக்கான தன் சுருக்கத்தை அரசுப் பிரதிநிதிகள் முன் வரிவரியாக வைத்து ஒப்புதல் பெறுகிறது. ஒரே சொல்லுக்காக மணிக்கணக்கில் வாதம் நடப்பதுண்டு. அந்த நேரம் வீணல்ல என்பேன். ஒப்புக்கொண்ட வரியை எந்த அரசும் பின்னால் அந்நியர் எழுதியது என்று தள்ளிவிட முடியாது.

பொதுமக்களை அடையும் வழி வேறு. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலம் அண்டார்டிகாவின் மேலே வெகுவாகக் குறைந்திருப்பதை 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அங்கே உண்மையில் துளை எதுவும் இல்லை, படலம் மெலிந்திருந்தது. ஆனாலும் ‘ஓசோன் ஓட்டை’ என்ற சொல்லும் செயற்கைக்கோள் படமும் எந்த அட்டவணையும் செய்யாததைச் செய்தன. கூரையில் ஓட்டை என்றால் யாருக்கும் புரியும். புற ஊதாக் கதிரால் தோல் புற்றுநோய் வரலாம் என்றதும் அது சொந்த உடம்பின் கவலையாகவும் ஆனது.

இருந்தும் 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை, ஓசோனை அழிக்கும் குளோரோபுளூரோகார்பன் என்ற செயற்கை வேதிப்பொருள்களைப் பாதியாகக் குறைக்க மட்டுமே சொன்னது. அதன் உண்மையான வலிமை ஆறாம் பிரிவில் இருந்தது. குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அறிவியல், சூழல், தொழில்நுட்ப, பொருளாதாரத் தகவல்களைக் கொண்டு கட்டுப்பாடுகளை மதிப்பிட வேண்டும் என்கிறது அது. அந்த மதிப்பீட்டுக்கான தொழில்நுட்பக் குழுவில் தொழில் துறையினரும் அமர்ந்ததால் மாற்றுப் பொருள் உண்டா என்ற கேள்விக்கு நேரடி விடை கிடைத்தது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள பொருள்களுக்கான கெடுவை, ஒவ்வொரு நாடும் மறுபடி ஏற்புறுதி அளிக்கக் காத்திராமலே இறுக்கவும் முடிந்தது. 1990-இல் லண்டனில், 2000-க்குள் முழுத்தடை என்றார்கள். 1992-இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகளுக்கான கெடு 1996-க்கு முன்னேறியது.

இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் 1980-ஆம் ஆண்டு அளவுக்குத் திரும்பும் என்கிறது 2022-இன் மதிப்பீடு. அதுவரை நான்காண்டுக்கு ஒரு முறை அளந்து சொல்லும் வேலை இருக்கிறது.